இடது கையில் வந்த அபசகுனம்

கீபோர்டு வாசிக்கிறவரே, என் தங்கச்சியின் கல்யாணத்தைச் சாவு வீடாக்கியது நீர்தான்.

தொண்ணூறுகளில் நடந்தது. ராஜபாளையத்தில் எங்கள் சர்ச்சுக்கு அப்போதுதான் கீபோர்டு வாங்கியிருந்தார்கள். அப்பாவின் அடக்கத்துக்கு நீர்தான் அதை வாசித்தீர். அடுத்த வருஷம் தங்கச்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். அப்பா இல்லாததால் நான்தான் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன்.

சபை எழுந்து நின்று பாடியது. எல்லாக் கல்யாணத்திலும் பாடுகிற பாட்டுதான். உம்முடைய வலது கை மெட்டைப் பிசகில்லாமல் வாசித்தது. இடது கைதான் அடியில் வேறு எதையோ அமுக்கியது. அப்பாவின் பெட்டியைத் தூக்கும்போது அமுக்கிய அதே மைனர் கார்டுகள், சோகம் தொனிக்கிற சுரக்கட்டுகள். அந்தப் பெயரெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அப்பாவின் பெட்டி கண்முன் வந்தது, அவ்வளவுதான் தெரியும். பாடியவர்களின் குரல் ஒவ்வொன்றாக அமுங்கிப் போனது.

தங்கச்சி பாதியில் நின்றுவிட்டாள்.

“அண்ணே, அப்பாவத் தூக்குன மாதிரி இருக்குண்ணே.”

“ஏட்டி, நிக்காத. நட.”

நான் இழுத்தும் அவள் நகரவில்லை.

மாப்பிள்ளையின் அத்தை சத்தமாகவே கேட்டார்: “இது கல்யாண வீடா, கேத வீடா? யாரு செத்துட்டான்னு இந்த வாசிப்பு?”

மாப்பிள்ளையின் அம்மா மகனின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். வெறும் தொண்டையில் பாட்டு தொடர்ந்தது. அதே மெட்டு, அதே வார்த்தை. முகங்கள் தெளிந்தன. தாலி கட்டினார்கள்.

பிறகு உம்மிடம் சண்டைக்கு வந்தேன். “புதுசா படிச்ச கார்டு மாப்ள, அழகா இருக்கும்லா?” என்று சிரித்தீர்.

இதைச் சொல்லியும் தங்கச்சி நம்பவில்லை. புருஷனுக்குக் காய்ச்சல் வந்தாலே, “அன்னைக்கே கேட்டுச்சேண்ணே” என்று அழுவாள். நானும் பயந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறுவேன். அதன் பிறகு அவள் அந்த சர்ச்சுக்குள் கால் வைத்ததே இல்லை.

இப்போது அவள் மகளுக்கு, நம் சபைப் பையனோடு, அங்கேயே கல்யாணம். “நான் வாசல்ல நிக்கேன்” என்கிறாள், பெற்றவள். கீபோர்டில் இன்னும் நீர்தான்.

வரும் ஞாயிறு ஆராதனையில் கல்யாண ஓலை வாசித்து, இந்தக் கல்யாணத்தைச் சபைக்கு அறிவிப்பார்கள். அவளை வாசல் வரை கூட்டி வருகிறேன். சபை முழுக்கக் கேட்க மைக்கில் பதில் சொல்லும்: அன்றைக்கு வந்தது சகுனமா, உம்முடைய இடது கையா?