மார்பில் இறுக்கிய வேஸ்ட் துணி

அவள் சட்டைகளுக்குக் காஜா, அதாவது பொத்தான் துளை, அடிப்பவள். அதனால் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் 'காஜா'. தைப்பது குழந்தைச் சட்டைகள். வெள்ளை வெளேரென்று கப்பலேறிப் போகிறவை. ஒரு துளி கறை பட்டாலும் சூப்பர்வைசர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்.

மூட்டை தூக்கும் புருஷன் இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டதால், பிள்ளை பெற்ற மூன்றாம் மாதமே மெஷினில் வந்து உட்கார்ந்தாள். முதல் நாளே பால் கட்டி, மேல்சட்டை நனைந்து, மடியிலிருந்த சட்டையிலும் சொட்டியது. அன்று வாங்கிய ஏச்சுக்குப் பிறகு வேஸ்ட் துணியைக் கிழித்து மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் மட்டுமல்ல, அந்த லைனில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் கட்டினார்கள். வலி பொறுக்காவிட்டால் கழிப்பறைக்குப் போய்ப் பீய்ச்சித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார்கள்.

இங்கே பால் சாக்கடைக்குப் போனது. இரண்டு தெரு தள்ளி, பிள்ளையைப் பார்த்துக்கொண்ட நாத்தனார், டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று பால் பவுடரைப் பாதி அளவு போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை அழவில்லை. சமத்து என்று மகிழ்ந்தார்கள். அதற்கு அழக்கூடத் தெம்பில்லை என்பது ஆஸ்பத்திரியில் எடை போட்டபோதுதான் தெரிந்தது.

"தாய்ப்பால் குடுக்க என்னம்மா கேடு உனக்கு?" என்று சீறிய நர்ஸ், மார்பில் பதிந்திருந்த துணித் தடத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். "கட்டை அவுத்துப் போடு. நேரத்துக்கு நேரம் சப்ப விடு, ஊறும். இல்லேன்னா புள்ள தேறாதும்மா."

நேரத்துக்கு நேரம்! அந்த நேரம் யாருடையது? தாய்ப்பாலின் மகிமையைச் சுவர் சுவராக ஒட்டுகிறோம். தாயைத் தெய்வம் என்கிறோம். அந்தத் தெய்வம் கால் மணி நேரம் கேட்டால் மட்டும் வாசலைக் காட்டுகிறோம்.

அவள் சூப்பர்வைசரிடம் கேட்டாள். "அண்ணே, காலைல ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. நாத்தனார் புள்ளைய கம்பெனி கேட்டுக்கே தூக்கிட்டு வந்துடுவாங்க."

"இது கம்பெனியா, தொட்டில் கட்டுற எடமா? உன்னை விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கத்தான் போறோம்," என்றாள் காலர் தைக்கும் ஒல்லிக்காரி. அவளைக் குண்டூசி என்பார்கள். "இவ்வளவு நாள் கேக்காம துணியை வெச்சுக் கட்டிக்கிட்டோமே, எங்களைச் சொல்லணும். ஏண்ணே, நீங்க என்ன பவுடர் கரைச்சா வளந்தீங்க?"

"அதான் மூஞ்சி அப்படி வெளுத்துக் கெடக்கு!" என்றது பின்வரிசை. லைனே சிரித்தது.

மறுநாள் காலை நாத்தனார் பிள்ளையோடு கேட்டுக்கு வந்தாள். அனுமதிக்குக் காத்திராமல் காஜா எழுந்து போனாள். அவள் மெஷினில் குண்டூசி உட்கார்ந்தாள்; குண்டூசியின் வேலையைப் பக்கத்திலிருந்தவள் இழுத்துக்கொண்டாள்.

வாட்ச்மேன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பிள்ளையோ முகத்தைத் திருப்பியது. ரப்பருக்குப் பழகிய வாய். மார்பைப் பிடிக்க மறந்திருந்தது. அவள் ஒரு சொட்டைப் பீய்ச்சி அதன் உதட்டில் தடவினாள். மறுபடியும் தடவினாள். நாத்தனார் அழுதாள்.

"காஜா! போனது போதும், உள்ள வா!" சூப்பர்வைசர் கதவடியில் நின்றார்.

அப்போதுதான் பிள்ளை வாய் வைத்தது. பலமில்லாத, விட்டு விட்டு இழுக்கும் சப்பல்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "புள்ள குடிக்குது. குடிச்சு முடிச்சாத்தான் வருவேன்."