சக்கரையில்லா டீயும் செல்வத்தோட ஊசியும்

அடுத்தவங்க வாயைக் கட்டுற வேலைக்குப் போனா நம்ம வாயையும் கட்டணும்னு யாரும் முன்கூட்டிச் சொல்றதில்லீங்க. உங்க ஊட்டுலயும் சக்கரைக்காரங்க இருந்தா என் பாடு புரியும். குன்னூர்ல, மூளை வளர்ச்சி மெதுவா இருக்கிற இளவட்டங்க பகல்ல வந்து போற மையத்துல நான் சமையல் ஆயா. அங்க வர்ற செல்வத்துக்கு இருபத்தஞ்சு வயசு. சக்கரை ஏறிப்போச்சு. "அடுத்த டெஸ்ட்டுல கொறையலேன்னா தினம் ஊசிதான்"னுட்டார் டாக்டர். ஊசின்னாலே செல்வம் கட்டிலுக்கு அடியில போயிருவான்.

நடை

காலையில எல்லாரும் நடக்கணும்னு முடிவாச்சு. பி.டி. சார் விசில் ஊதிக்கிட்டு முன்னால போவார். பின்னால காவலுக்கு நான். மையத்துலருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரே இறக்கம், ஜோராப் போச்சு. கீழ போனதும் சார் பேக்கரியில எங்க ஊர் மொறுமொறு பிஸ்கோத்தான வர்க்கியை டீயில முக்கித் தின்பார்; பிள்ளைங்க தண்ணி பாட்டிலோட வேடிக்கை பாக்கும். அப்புறம் மேட்டைப் பாப்பார், தன் தொப்பையைப் பாப்பார், மினி பஸ்ஸுக்குக் கை காட்டிருவார்.

தினமும் இதே கூத்து. ஒரு நாள் செல்வம் பஸ்ஸுல ஏற மாட்டேன்னுட்டான். "நீங்க போங்க சார். ஊசி உங்களுக்கில்ல, எனக்கு. ஆயா, நீ எங்கூட நட!"

டீ

பிள்ளைங்களுக்குச் சக்கரையில்லாத டீ, டீச்சர்மாருக்குச் சக்கரை போட்டது. டம்ளர் கொண்டுபோய்க் குடுக்கிறது பிள்ளைங்கள்ல ஒருத்தியான ஸ்டெல்லா. அதிகம் பேசாத புள்ள, ஆனா கண்ணு எல்லாத்தையும் பாக்கும். ஒரு நாள் சக்கரை டீயை அடுப்புமேலயே விட்டுட்டு, எல்லாருக்கும் சக்கரையில்லாததையே ஊத்திக் குடுத்துட்டா.

பெரிய டீச்சர் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு, "என்ன ஆயா, கசாயமா?"ன்னாங்க. ஸ்டெல்லா அசரவேயில்ல. "கொஞ்ச நாள்ல பழகிரும்னு எங்களுக்குச் சொன்னீங்கல்ல டீச்சர்? பழகிக்கங்க."

டெஸ்ட்டு

செல்வத்தோட அம்மா எஸ்டேட்டுல கொழுந்து பறிக்கிறவங்க. அன்னிக்கு லீவு கிடைக்கல, நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். விரல்ல குத்தும்போது என் கையை நசுக்கியே போட்டான். ரிசல்ட்டு வந்தது: கொறஞ்சிருக்கு, ஊசி வேண்டாம். எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க.

டாக்டர் சந்தோஷமா என் பக்கம் திரும்பி, "இவனை எப்படிம்மா வழிக்குக் கொண்டுவந்தீங்க? என்ன குடுத்தீங்க?"ன்னு கேட்டார். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள செல்வம் நாற்காலியை இழுத்து முன்னால போட்டு உக்காந்தான். "டாக்டர், வாயும் என்னுது, காலும் என்னுது. என்னையக் கேளுங்க."

பிள்ளைங்களுக்கு நல்ல பழக்கம் சொல்லித்தரக் கிளம்பின எங்க கூட்டத்துல இப்ப பி.டி. சார் உட்பட ஒருத்தரும் வர்க்கியைத் தொடுறதில்லீங்க, செல்வம் பாத்துக்கிட்டிருக்கிற வரைக்கும்.