விண்ணப்பம் போட்டது வேலைக்குத்தான்

வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவளின் உயரம் எதற்கு என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. பரிசோதனைக் கூடத்தில் பரண் மேல் ஏறியா வேலை செய்யப் போகிறேன்? ஆனாலும் கேட்டிருந்தார்கள். பெயர், அப்பா பெயர், அப்பாவின் உத்தியோகம், சொந்த ஊர், உயரம், கல்யாணம் ஆனவளா ஆகாதவளா. இவ்வளவும் முதல் பக்கத்தில். நான் என்ன படித்தேன் என்பது இரண்டாம் பக்கத்தில். அந்த வரிசையைப் பார்த்தே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. செகந்திராபாத் மாரெட்பள்ளியில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தோம். அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஹெட் கிளார்க். நான் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு விண்ணப்பம் மேல் விண்ணப்பமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். காஞ்சன்பாக் பக்கம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஜூனியர் கெமிஸ்ட் வேலைக்கு விளம்பரம் வந்தது. ஒரே ஓர் இடம். வயது வரம்பு இருபத்தைந்து. அதைத் தாண்ட எனக்குச் சில மாதங்களே பாக்கி. இது கைநழுவினால் அந்த மாதிரி வேலைக்கு இனி விண்ணப்பிக்கவே முடியாது.

ஆகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு தயாரானேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நானே அடித்தேன். ஓர் எழுத்து பிசகினாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி அடித்தேன். ஸ்டுடியோவுக்குப் போய் போட்டோ எடுத்து, மூலையில் ஒட்டி, சொன்னபடி பாதிக் கையெழுத்து போட்டோவிலும் பாதி தாளிலும் விழும்படி போட்டேன். கல்லூரித் தோழி ஒருத்தி, தெலுங்குப் பெண், சாயங்காலம் தோறும் வந்து போர்டு மெம்பர் மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேள்வி கேட்பாள். "இந்த வேலை உனக்கு எதுக்கு?" என்பாள். குடும்பக் கஷ்டம் என்று நான் ஆரம்பித்தால், அழுகை புலம்பல் வேண்டாம் என்று ஹைதராபாத் உருதுவில் அதட்டிக் கையை ஆட்டிவிடுவாள். "ரோனா தோனா நக்கோ! வேலை தெரியும், அதனால வந்தேன்னு சொல்லு." அழுது வாங்குவதற்கு அது பிச்சை அல்ல என்பது அவள் கட்சி. அவள் சொன்னதுதான் நியாயம் என்று எனக்கும் பட்டது.

இரண்டு பஸ் மாறி இண்டர்வியூவுக்குப் போனேன். போர்டில் மூன்று பேர். நடுவில் இருந்த சேர்மன் வேலையைப் பற்றித்தான் கேட்டார். "சோடியம் ஹைட்ராக்சைடை எடை போட்டு அப்படியே கரைத்து, இதுதான் இதன் வலிமை என்று எழுதிவிடலாமே, ஏன் கூடாது?" அது காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும், அதன் எடையை நம்ப முடியாது என்றேன். அப்புறம் எதை நம்பலாம், எப்படிச் சரிபார்ப்பது என்று தொடர்ந்தார். சொன்னேன். ஷிப்ட் பார்ப்பாயா என்றார். பார்ப்பேன் என்றேன். அவர் முகம் மலர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ஓரத்தில் இருந்தவர் அதுவரை வாயைத் திறக்கவில்லை. என் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று தமிழில் ஆரம்பித்தார்.

"திருநெல்வேலின்னு போட்டிருக்கே, டவுனா, உள்ள கிராமமா?"

சொன்னேன்.

"குலதெய்வம் எந்தக் கோயிலு?"

அதையும் சொன்னேன்! ஜூனியர் கெமிஸ்டுக்கும் குலதெய்வத்துக்கும் என்ன சம்பந்தம்? கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றார், வீடு சொந்த வீடா என்றார். பாஷை புரியாத மற்ற இரண்டு பேரும், பயந்த பெண்ணை இவர் தாய்மொழியில் தைரியப்படுத்துகிறார் போலும் என்று புன்னகை செய்துகொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஏட்டி, நம்ம ஊர்க்காரரு போர்டுல இருக்காருன்னா அது கெடச்ச மாதிரிதான்." ஹைதராபாத்தில் எங்கள் எல்லோருக்கும் இருந்த வியாதி அது. ரேஷன் ஆபீஸோ ஆஸ்பத்திரியோ, கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ் முகம் தெரிந்துவிட்டால் காரியம் பழம் என்று நினைத்துவிடுவோம். நானும் நினைத்தேன். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மாடிப்படியில் பாதி இறங்கியிருப்பேன்.

தபால் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஊர்க்காரரே வந்தார், கம்பெனி ஜீப்பில், மனைவியோடு.

பெரிய உத்தியோகஸ்தர் யாரைக் கண்டாலும் அப்பா நின்றுகொண்டு பேசுகிறவர். "வாங்க சார், உக்காருங்க சார்" என்று வீட்டில் இருந்த நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா காப்பி கொண்டுவந்தாள். ஆர்டரைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார் என்றே நான் நம்பினேன். அவர் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார். என் போட்டோ. ஓரத்தில் என் பாதிக் கையெழுத்து இருந்தது, பின்னால் காய்ந்த பசை. விண்ணப்பத்திலிருந்து உரித்து எடுத்திருக்கிறார்.

"எங்க அக்கா மகன் பிலாய்ல இஞ்சினீயரா இருக்கான். போட்டோவ அனுப்பி வச்சேன், புடிச்சிருக்குன்னு எழுதித் திருப்பி அனுப்பியிருக்கான். ஒயரமும் தோதா இருக்கு. ஜாதகம் மட்டும் குடுத்தீங்கன்னா பாத்துரலாம்."

அப்பா வாயெல்லாம் பல்லாக அம்மாவைப் பார்த்தார். நான் கதவோரத்தில் நின்றபடியே கேட்டேன். "அந்த வேலை என்ன சார் ஆச்சு?"

அவர் சிரித்தார். குழந்தை ஏதோ கேட்டுவிட்ட மாதிரி சிரித்தார். "கல்யாணம் ஆயி பிலாய் போற புள்ளைக்கு இங்க வேலை எதுக்கும்மா? மார்க்கு ஒனக்குத்தான் ஜாஸ்தி, மொத ஆளு நீதான். சேர்மன் ஒன்னத்தான் போடணும்னு நின்னாரு. நான்தான், அந்தப் புள்ளைக்கு வரன் முடிவாகப் போவுது, ரெண்டாவதா வந்த பையனப் போடுங்கன்னு சொல்லி முடிச்சேன். ஒரு எடம் வீணாப் போகக் கூடாதுல்லா?"

இதை அவர் உபகாரம் செய்துவிட்டு வந்தவர் தோரணையில் சொன்னார். யாருக்கு வரன் முடிவாகப் போகிறது? யாரைக் கேட்டு? நான் படித்த படிப்பு, அடித்துக் கிழித்த தாள்கள், எல்லாம் இந்த மனிதர் அக்கா மகனுக்குப் பெண் தேடும் சிரமத்தைக் குறைக்கத்தானா? "என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்? நான் விண்ணப்பம் போட்டது வேலைக்கு" என்றேன். சத்தம் கீழ்வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஏட்டி, உள்ள போ" என்றார் அப்பா. அதற்காக அவர்மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. முழுதும் தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

சேர்மனுக்கு நடந்ததையெல்லாம் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. வயது வரம்பும் தாண்டிப் போயிற்று. பிற்பாடு பட்டான்செருவில் ஒரு தனியார் மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, ஷிப்ட் பார்த்து, நல்ல பெயரெடுத்தேன். "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று இந்தக் கதையைக் கேட்டவர்கள் சொல்வதுண்டு. நல்லதுக்கு இல்லை. எனக்கு வரவேண்டியதை ஒருவர் எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "பொண்ணுக்குக் கோவம் ஜாஸ்தி போலிருக்கே. நல்ல வேளை, நேர்ல வந்து பாத்தோம்" என்றார். ஆக, வேலைக்கும் நான் வேண்டாம், வரனுக்கும் வேண்டாம். அப்பா பின்னாலேயே ஓடி ஏதோ சமாதானம் சொன்னார். வந்தவர் அதைக் கேட்காமல் கடகடவென்று படி இறங்கிவிட்டார்.

மனைவி மட்டும் வாசலில் நின்றாள். எங்கள் வீடுகளில் வந்த சுமங்கலிக்குக் குங்குமம் கொடுக்காமல் அனுப்புவது கிடையாது. சண்டை போட்டுக்கொண்டு போகிறவளுக்குக்கூட உண்டு. அம்மா தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, குங்குமச் சிமிழ் எல்லாம் முன்னமே எடுத்து வைத்திருந்தாள். அந்த அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என்ன செய்வாள் பாவம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

அம்மா தட்டை எடுத்தாள். அதை அப்படியே சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து, அவள் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள்.

"எம் மக மொத ஆளா வந்திருக்கா. அதத் தூக்கி எவனுக்கோ குடுத்துட்டு, எங்க வீட்டுல வந்து ஒக்காந்து காப்பி குடிக்கான் ஒம் புருசன்."