கம்பெனி என்றால் ரொட்டி

ஓசூரில் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் படிப்பைக் கேட்பதற்கு முன்பே, "பையன் கம்பெனியா, கான்ட்ராக்ட்டா?" என்று கேட்டுவிடுவார்கள். கம்பெனி என்றால் நிரந்தர வேலை. கல்யாணமாகித் தேனிப் பக்கத்திலிருந்து வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த கம்பெனி, பள்ளிக்கூடத்து வரலாற்றுப் புத்தகத்தில் கப்பலில் வந்து நாட்டைப் பிடித்தது. இங்கே தொழிற்சாலைக்குப் பெயர் கம்பெனி. பெயர் பெற்ற மிக்சிக்கும் 'கம்பெனி ஐட்டம்' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை பாட்டிலோடு வரும் என் கணவரின் சிநேகிதர்கள், "குடிக்க வேண்டாம், சும்மா உக்காந்து கம்பெனி குடு" என்பார்கள்.

நான் வேலை பார்ப்பது வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில், தரப் பரிசோதனைப் பிரிவில். எங்கள் மனிதவள மேலாளருக்கு மனிதர்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பெங்களூரு ஓட்டல் ஒன்றில் நடந்த பயிற்சி முகாமில் கற்றது. ஆண்டு விழாவன்று கேன்டீனில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்தச் சரக்கை எங்கள் மேல் கொட்டினார்.

"கம்பெனிங்கிற வார்த்தை எங்கேயிருந்து வந்துது தெரியுமா? லத்தீன் பாஷையில ஒரு பாதிக்கு 'கூட'ன்னு அர்த்தம், இன்னொரு பாதிக்கு ரொட்டி. கூட உக்காந்து ரொட்டி சாப்பிடறவங்கதான் கம்பெனி. நாம எல்லாரும் ஒரே குடும்பம். கை தட்டுங்க."

தட்டினோம். அவர் நின்று பேசிய இடத்திற்குப் பக்கத்திலேயே இடுப்பு உயரத்தில் ஒரு பிளைவுட் தடுப்பு இருந்தது. இந்தப் பக்கம் நீலச் சட்டை போட்ட நாங்கள். அந்தப் பக்கம் சாம்பல் சட்டை போட்ட கான்ட்ராக்ட் ஆட்கள். அன்று எங்களுக்கு பிரியாணி, அவர்களுக்கு சாம்பார் சாதமும் ஒரு லட்டும். இதைப் பார்த்துக்கொண்டே லத்தீன் பேச எத்தனை தடித்த தோல் வேண்டும்.

என்னோடு ஒரே மேசையில் பாகங்களை அளந்து பார்க்கும் பெண் ஒருத்தி இருந்தாள். ஊத்தங்கரைக்காரி. கான்ட்ராக்ட். அவள் தட்டை எடுத்துக்கொண்டு தடுப்பைச் சுற்றி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். மேலாளர் சிரித்த முகத்தோடு வந்தார்.

"ஏம்மா, உன் இடம் அந்தப் பக்கம்."

"நீங்கதானே சார் சொன்னீங்க, கூட உக்காந்து சாப்பிடணும்னு."

"அது கான்செப்ட்மா."

அவள் சாதத்தைப் பிசைந்தபடியே கேட்டாள். "சாப்பிட்டுட்டுப் போறன் சார். கான்செப்ட் ஆறிடுமா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். நான் என் பிரியாணியில் பாதியை அவள் தட்டில் தள்ளினேன். மேலாளரின் சிரிப்பு அப்படியே உதட்டில் ஒட்டியிருந்தது. அதைக் கழற்றி வைக்கக்கூட அவருக்குப் பயிற்சி தரப்படவில்லை போலும்.

அடுத்த வாரம் கான்ட்ராக்டர் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாங்கள் நான்கைந்து பேர் மேலாளரின் அறைக்குப் போய்க் கேட்டோம். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவங்க நம்ம கம்பெனி ஆளே இல்லையேம்மா. கான்ட்ராக்டரைக் கேளுங்க" என்றார். ஒரே குடும்பம் என்று சொன்ன வாய்தான் அது. அவர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிரே கொஞ்சம் ஆள் இருக்க வேண்டும். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தோம்.

இரண்டு மாதம் அவள் வீட்டில் சும்மா இருந்தாள். மாம்பழக் காலம் வந்ததும் கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலைக்குப் போனாள். அது முடிந்த பிறகு, கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு தையல் ஆலையில் சேர்ந்துவிட்டதாகப் போனில் சொன்னாள்.

"அங்க எப்படிடி இருக்கு?"

"சூப்பர்வைசர் கன்னடத்துல திட்றாருக்கா. பாதி புரியல, அதனால பாதிதான் கோவம் வருது. சோறு வீட்டுலருந்தே கொண்டாறோம். மிசின் பக்கத்துலயே எல்லாரும் கீழ உக்காந்து தின்றோம்."

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா" என்றேன். வருவதாகச் சொன்னாள். வந்தாள், கூடவே தங்கையையும் அழைத்து வந்தாள். சாயங்காலம் வரை இருந்துவிட்டு, மழைக்கு முன்னால் பஸ் ஏறினார்கள்.