இடது மட்கார்டில் ஒரு டொக்கு

இருபத்தாறு வருடமாக நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்தியவர் அவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டிங்கர்தான். அருங்காட்சியகத்தில் இருந்த பழைய ஊர்வலக் காரைப் பராமரிக்க ஆள் தேவை என்று கூப்பிட்டபோது, சுத்தியல் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கிருந்த பெண் அதிகாரி அந்தப் பையை வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டு, கொஞ்சம் பஞ்சும் ஒரு கிண்ணம் தண்ணீரும் கொடுத்தார்.

"அழுக்கை மட்டும் எடுங்க. பளபளப்பு வேண்டாம். இடது மட்கார்டுல இருக்கிற டொக்கைத் தொடவே தொடாதீங்க."

"டொக்கு எடுக்கத்தானே மேடம் கூப்பிட்டீங்க?"

"இல்லைங்க, தகரம் தெரிஞ்ச கை வேணும்னு கூப்பிட்டோம். அந்தக் காலத்துத் தலைவர் ஒருத்தர் இதுல போன பதவியேற்பு ஊர்வலத்துல யாரோ கல் எறிஞ்சு விழுந்த டொக்கு அது. பலகையில எழுதியிருக்கு பாருங்க."

டிங்கருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"ஒரு காரைத் துடைக்க ஒரு மாசமா?" என்றாள் மனைவி.

"துடைக்கிற மாதிரியும் இருக்கு, துடைக்காத மாதிரியும் இருக்கு" என்றார்.

மூன்றாவது வாரம் மட்கார்டுக்கு வந்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அதிகாரியை அழைத்தார்.

"ஊர்வலத்துக்கு அப்புறம் வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சாங்களா?"

"ஆமா, எட்டு வருஷம் கழிச்சு."

"கல்லடி அதுக்கு முந்தின்னா, விரிசலுக்குள்ள புதுப் பெயிண்ட் இறங்கியிருக்கணும்ல? இங்க புதுப் பெயிண்டே உடைஞ்சிருக்கு. இது பின்னாடி விழுந்த டொக்கு மேடம்."

அதிகாரி குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். மூலையில் உட்கார்ந்திருந்த காவலாளி தொண்டையைக் கனைத்தார்.

"பல்பு மாத்துறப்ப ஏணி சாஞ்சிருச்சுங்க. பதினோரு வருஷம் இருக்கும். யாரும் கேக்கல. அப்புறம் பலகை வந்துச்சு. படிச்சவங்க எழுதினது, நாம என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"அப்போ தட்டி எடுத்துடலாமா?" என்றார் டிங்கர், ஆசையாக.

"தெரியலைங்க" என்றார் அதிகாரி. "இதுவும் இந்த வண்டிக்கு நடந்ததுதானே?"

அருங்காட்சியகத்தார் இரண்டு நாள் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் பலகையைக் கழற்றினார்கள். டொக்கு இருக்கட்டும் என்றார்கள். கல்லுக்கு மரியாதை சரி, ஏணிக்கு எதற்கு என்று டிங்கருக்குப் புரியவே இல்லை. காவலாளிக்கு வேலை போகவில்லை, அந்த மட்டும் நிம்மதி. மிச்ச நாளும் அந்தப் பள்ளத்தைச் சுற்றிப் பூப்போலத் துடைத்தார்.

பட்டறைக்குத் திரும்பிய அன்று ஒருவர் நசுங்கிய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இது எப்ப விழுந்தது? எப்படி விழுந்தது?"

"அதெல்லாம் எதுக்குண்ணே? எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, பள்ளத்தின் விளிம்பில் பெயிண்ட் விரிசலைக் குனிந்து பார்த்தார். பிறகு தட்டி எடுத்துக் கொடுத்தார்.