கப்பல் தாத்தாவுக்கு வழி சொன்னது

கல்லறைத் திருநாளன்று காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் இடிபடாமல் ஒரு மெழுகுவத்தி ஏற்ற முடியாது. எங்கள் குடும்பத்துக்கு அங்கே நான்கு கல்லறைகள். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் ஒவ்வொன்றையும் கழுவி, சாமந்தி வைத்து, வத்தி கொளுத்துவார். தோட்டத்தின் நடுவில் ஒரு பெரிய சிலுவை உண்டு. எங்கே புதைத்தார்கள் என்று தெரியாதவர்களுக்கும் கடலோடு போனவர்களுக்கும் அதன் அடியில் ஏற்றுவார்கள். அதை மட்டும் நைனா தலையைத் திருப்பிக்கொண்டு தாண்டிப் போவார்.

காரணம் அவருடைய தாத்தா. எங்கள் வீட்டில் அவர் பெயர் கப்பல் தாத்தா. ராயபுரத்தில் கடலோரத் தெருவொன்றில் பெண்சாதியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு, கரும்பு வெட்டும் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர். திரும்பி வரவில்லை. அந்தக் கைக்குழந்தைதான் நைனாவின் அப்பா.

"எங்கப்பா சாவுற வரைக்கும் அந்தாளுக்கு வத்தி கொளுத்த வுடல. வுட்டுட்டு ஓடுனவனுக்கு இன்னாத்துக்கு வத்தின்னுவாரு," என்பார் நைனா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர். எண்பதைத் தாண்டிவிட்டார். போன வருடம் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தாளு அங்கயே செத்தாரா, நம்மள மறந்துட்டாரா, அத்த மட்டும் பாத்து சொல்லும்மா. நான் போறதுக்குள்ள தெரிஞ்சாவணும்."

தேடினேன். கூலிகளைப் பதிந்த பழைய ஏடுகளைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வரி: பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பில் அடையாளம், நெருங்கிய உறவு. கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் இருந்த பெயரை வைத்துக்கொண்டு எட்டு மாதம் தேடினேன். கண் பூத்துப்போனதுதான் மிச்சம். அந்தப் பெயரில் கிடைத்தவர்கள் எல்லாம் வேறு வேறு ஊர்க்காரர்கள்.

ஒருநாள் சர்க்கரை பார்க்க நைனாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். நர்ஸ் சீட்டைப் பார்த்து அவருடைய கோயில் பேரைக் கூப்பிட்டார். மூன்று முறை. மனுஷன் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முழங்கையால் இடித்தேன்.

"என்னியா? வேற யாரோன்னு குந்திகினு கீறேன்," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சனத்தில் கோயிலில் வைக்கும் பேர் ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். நடுவில் வாழ்கிற வாழ்க்கை முழுக்க வீட்டுப் பேர். கப்பலுக்கு ஆள் எடுத்த இடத்தில் பேர் கேட்டபோது, கூப்பிட்டால் எந்தப் பேருக்குத் திரும்புவாரோ அதைத்தானே சொல்லியிருப்பார்? இதுகூடத் தோன்றாமல் எட்டு மாதம் முட்டிக்கொண்ட என் மடத்தனத்தை எங்கே போய்ச் சொல்ல.

நைனாவிடம் கேட்டு வாங்கிய வீட்டுப் பேரில் அன்று சாயங்காலமே கிடைத்துவிட்டார். ராயபுரம். இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. திருக்கை முள் குத்தியதிலிருந்து அந்த விரல் அப்படித்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நெருங்கிய உறவு என்ற கட்டத்தில் அவர் பெண்சாதியின் பேர். அழுகை வந்தது, அழுதேன்.

வரியின் கடைசிக் கட்டத்தை அப்புறம்தான் படித்தேன். பத்து வருடம் கழித்து, கப்பலில் மதராசுக்குத் திரும்பினார்.

நைனாவிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். செத்தார் என்றால் தாங்கிக்கொள்வார். வந்தும் வீட்டுக்கு வரவில்லை என்றால்? ஆனால் பொய் சொல்ல எனக்கு வராது. சொன்னேன்.

"நம்ம ஆர்பர்லயா எறங்குனாரு? கூப்புடு தூரம் ஆச்சே," என்றார். ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

மறுநாள் காலையில் காப்பியை வைத்ததும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "எங்கப்பாவுக்கு ஏழு வயசுல கடல் அடிச்சி அந்தத் தெருவே பூடுச்சி. அப்பறம்தான் இங்க காலடிப்பேட்டைக்கு வந்தாங்க. அக்கம்பக்கம் இருந்தவங்களும் ஆளுக்கொரு மூலைக்குப் பூட்டாங்க. கப்பல் தாத்தா திரும்பி வந்தப்போ எங்கப்பாவுக்குப் பதினொண்ணு."

காப்பியில் ஆடை படிந்தது. அவர் தொடவில்லை.

"வந்துகீறாரும்மா. வந்து பாத்தா, தெரு இருந்த எடத்துல தண்ணி கீது. யாரப் போய்க் கேட்டுருப்பாரு?"

அவர் தெருவைத் தேடி வந்தார் என்று எந்த ஏட்டிலும் இல்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசையாக இருந்தது. ராயபுரத்திலிருந்து காலடிப்பேட்டைக்கு நடந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான்.

இந்த வருடக் கல்லறைத் திருநாளில் நைனா பெரிய சிலுவைக்கு நேராகப் போனார். என் தோளைப் பிடித்து முட்டி போட்டு வத்தி கொளுத்தினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் சொல்கிறார் என்று நினைத்து, நானும் சேர்ந்து சொல்லக் குனிந்தேன்.

"மெட்ரோ தூணு கீது பாரு, அத்தப் புடிச்சிகினே வடக்க வா, தாத்தா. காலடிப்பேட்டை மார்க்கெட்டாண்ட லெஃப்ட்ல திரும்பு. மூணாவது தெரு, பச்ச கேட்டு. தெரியலன்னா யாரையாச்சும் என் பேரச் சொல்லிக் கேளு. வூட்டுப் பேரச் சொல்லு. கோயில் பேரச் சொன்னா ஒருத்தனுக்கும் தெரியாது."