உமி இடித்தவர்கள்

மலையில் வாழ்ந்த காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அலுப்புதான். காட்டு வேலை, தண்ணீர், விறகு, மறுபடி காட்டு வேலை. விடியலில் இன்னும் கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று புரண்டால் வாசலில் உலக்கைச் சத்தம் ஆரம்பித்துவிடும். என் மாமியாரும் எதிர்வீட்டுக் கிழவியும் ஒரே உரலில் மாற்றி மாற்றி இடிப்பார்கள். இருவருக்கும் அறுபது தாண்டியிருக்கும்.

சாமை இடித்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். அடிவாரத்தில் அமிர்திப் பக்கம் அரவை மெஷின் வந்த பிறகு சாமையை என் வீட்டுக்காரர் அங்கே அரைத்துக்கொண்டு வந்துவிடுவார். இவர்கள் இடித்தது, கோழிக்கென்று அவர் கொண்டுவந்த உமியை.

ஒருநாள் எரிச்சலில் கேட்டே விட்டேன். "இன்னாத்துக்கு அத்தே இந்த வேல? கொஞ்ச நேரம் தூங்க வுடக் கூடாதா?"

"வெறும் ஒரல இடிச்சா வூட்டுக்கு ஆவாதுடி, அதான் உமி. கை நின்னுபோச்சினா அப்பறம் டோலிதான்" என்றார்.

எழுந்து நடக்க முடியாதவர்களை மூங்கிலில் கம்பளி கட்டி, அதில் படுக்கவைத்து, ஆஸ்பத்திரிக்குப் போக அமிர்தி பஸ்ஸுக்குத் தூக்கிப் போவார்கள். அதுதான் டோலி. அதில் மலை இறங்கிய கிழவி எவளும் திரும்பி ஏறி வந்து நான் பார்த்ததில்லை. மாமியாருக்கு எமனைவிட டோலி தூக்குகிறவர்களிடம்தான் பயம். அவர்கள் தெருவில் சும்மா நடந்து போனாலும் உலக்கையை எடுத்துக்கொண்டு உரலிடம் போய் நிற்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அந்த வருஷம் பனிக்காலத்தில் எதிர்வீட்டுக் கிழவி காய்ச்சலில் விழுந்தாள். ஒரு சாயங்காலம் அவளை டோலியில் வைத்து மலையிலிருந்து இறக்கினார்கள். நாளைக்காவது தூங்கலாம் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன். அவ்வளவு களைப்பு எனக்கு.

விடியலில் சத்தம் கேட்டது. ஒரு இடி. அடுத்தவள் இடிக்க வேண்டிய நேரத்தை விட்டு, மறுபடி ஒரு இடி. அந்த இடைவெளி என்னைப் படுத்திருக்க விடவில்லை. எழுந்து வெளியே போனேன். மாமியார் முகமெல்லாம் ஈரம். சுவரோரம் இன்னொரு உலக்கை சாய்ந்திருந்தது.

"அந்த ஒலக்கய எடுடி" என்றார்.

"அலுப்பா கீது அத்தே."

"எனக்கும்தான் அலுப்பா கீது. தனியா இடிக்க பயமா கீதுடி."

எடுத்தேன். விடிந்து வெகுநேரம் வரை இருவரும் மாற்றி மாற்றி உமியை இடித்தோம்.

எதிர்வீட்டுக் கிழவி திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. மறுநாள் மாமியார் என்னை எழுப்பவில்லை. நானே எழுந்து போய் உலக்கையை எடுத்துக்கொண்டேன்.